உடைவதுதான் அதன் வேலை

குமரிக் கடற்கரையில் குளச்சல், முட்டம் பக்கம் போனால் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளங்களைப் பார்க்கலாம். அவற்றின் பின்பலகையில் கவ்வி மாட்டியிருப்பதுதான் அவுட்போர்டு எஞ்சின். தலை மேலே இருக்கும். நீளமான கால் தண்ணீருக்குள் இறங்கும். காலின் நுனியில் புரொப்பெல்லர் சுழலும். லட்ச ரூபாயைத் தாண்டும் இந்த எஞ்சினுக்குள் சில உறுப்புகளை மட்டும் பொறியாளர்கள் வேண்டுமென்றே நோஞ்சானாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மற்றவை பிழைக்க வேண்டும் என்பதற்காக முதலில் உடைவதும், தேய்வதும், கரைவதும்தான் இவற்றின் வேலை.

முதலில் ஒரு குட்டிப் பின். மிகச் சிறிய எஞ்சின்களில் புரொப்பெல்லரையும் அதைச் சுழற்றும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத இந்த உலோகத் துண்டுதான். இதை ஷியர் பின் என்பார்கள். புரொப்பெல்லர் பாறையில் மோதினால் சட்டென்று நின்றுவிடும். எஞ்சினோ நிற்காமல் தண்டைத் திருகிக்கொண்டே இருக்கும். ஒன்று சுழலப் பார்க்கிறது, இன்னொன்று அசைய மறுக்கிறது. நடுவில் ஏதாவது ஒன்று உடைந்தே தீர வேண்டும். அது பல்சக்கரமாக இருந்தால் எஞ்சினையே பிரித்துப் போட்டுச் செலவழிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பித்தளை போன்ற மென்மையான உலோகத்தில் ஒரு பின்னைச் செய்து நடுவில் வைத்தார்கள். அது துண்டாகிவிடும், பல்சக்கரம் தப்பிக்கும். உங்கள் வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பி செய்வதும் இதே வேலைதான்.

நடுக்கடலில் பின் உடைந்து, மாற்றுப் பின்னும் கையில் இல்லையென்றால் ஓர் இரும்பு ஆணியை வெட்டிச் செருகத் தோன்றும். செருகினால் எஞ்சின் ஓடவும் செய்யும். ஆணி பின்னைவிட உறுதியானது, உடையவே உடையாது. அங்கேதான் ஆபத்து. அடுத்த பாறையில் பல்சக்கரம் போய்விடும்.

கொஞ்சம் பெரிய எஞ்சின்களில் பின்னுக்குப் பதிலாகப் புரொப்பெல்லரின் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பலமாக அடிபட்டால் அது வழுக்கிச் சுழலும். ஒருமுறை வழுக்கிப் பழகிய ரப்பர் பிறகு சும்மாவே வழுக்கும். எஞ்சின் உறுமும், வள்ளமோ ஊர்ந்து போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உபாயம் உண்டு. நின்றிருக்கும் புரொப்பெல்லரில், உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரே நேர்க்கோடு போட வேண்டும். ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருக்கிறதா? அப்படியானால் ரப்பர் போய்விட்டது. ஒரு துளி பெயின்ட் செய்யும் துப்பறியும் வேலை!

அடுத்தது இம்பெல்லர். எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஞ்சினின் பெரும்பகுதி அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். பிறகு எப்படி எஞ்சின் உருகாமல் நிற்கிறது? கடல் நீரை இடைவிடாமல் உறிஞ்சி, எஞ்சினுக்குள் ஓடவிட்டு, வெளியே தள்ளுவதால்தான். உறிஞ்சுகிற பம்புக்குள் இருப்பது சில இதழ்கள் கொண்ட ஒரு ரப்பர் சக்கரம். அதன் தண்டு அறையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். அகலமான பக்கத்தில் இதழ் நிமிரும்போது இடம் விரிந்து தண்ணீர் உள்ளே வரும். குறுகிய பக்கத்தில் இதழ் மடங்கும்போது இடம் சுருங்கித் தண்ணீர் பிதுங்கி வெளியேறும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் ஒரு சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் தாரை மெலிந்தாலே எஞ்சினை நிறுத்திவிடுவது நல்லது.

ரப்பர் இதழுக்குத் தண்ணீரேதான் எண்ணெய். கரையில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே இதழ்கள் உராய்ந்து கருகிவிடும். இன்னொரு தொல்லை உப்பு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சின் நின்றதும் உள்ளே தங்கிய நீர் காயும், உப்பு மட்டும் குழாய்களில் படிந்துவிடும். அதனால் கடலுக்குப் போய் வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். பெரியவர்கள் இதைச் செய்யும்போது நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்; சுழலும் புரொப்பெல்லர் அருகே போகவே கூடாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. எஞ்சினின் காலில், தண்ணீருக்குள் மூழ்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் உலோகக் கட்டியைத் திருகி வைத்திருப்பார்கள். அது எதையும் சுழற்றாது, எதையும் தாங்காது. சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அது துத்தநாகம். உப்பு நீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும். எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கிற உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். கடல் நீரில் அலுமினியக் கலவையைவிடத் துத்தநாகம் எளிதில் விட்டுக்கொடுக்கும். ஆகவே கட்டி அரிக்கப்படும், எஞ்சினின் கால் பிழைக்கும். பாதிக்கு மேல் கரைந்தால் கட்டியை மாற்றிவிட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் பெயின்ட் அடித்தால் தண்ணீர் அதைத் தொடாது. பிறகு அது இருந்தும் இல்லாததுதான்.

இந்த உபாயத்தை 1824-இல் சொன்னவர் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர். அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் செம்புத் தகடு அடித்திருந்தார்கள். கடல் நீரில் செம்பு அரித்துக்கொண்டே போனது. சின்னத் துத்தநாகத் துண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ செம்பில் பொருத்துங்கள் என்றார் டேவி. பொருத்தினார்கள், செம்பு கரைவது நின்றது. ஆனால் கப்பல்கள் மெதுவாகப் போகத் தொடங்கின! அடியில் பார்த்தால் பாசியும், ஓடு மூடிய கொட்டலசுகளும் அப்பிக் கிடந்தன. இதுநாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த செம்புதான் நஞ்சாகி அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது. கரைவதை நிறுத்தியதும் காவலும் போயிற்று. சில ஆண்டுகளிலேயே அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டார்கள். டேவியின் வேதியியலில் பிழையில்லை. செம்பு கரைவதாலும் ஒரு பயன் இருந்தது என்பதைத்தான் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனால்தான் உதிரிபாகம் தேடுவது அத்தனை லேசான காரியமில்லை. கடைக்காரரிடம் போய் "நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க அண்ணே" என்று கேட்டால் பிரச்சினைதான். எவ்வளவு பலவீனமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு பலவீனமானது வேண்டும். துத்தநாகக் கட்டி கடலுக்குச் சரி. நன்னீர் ஏரியில் ஓடும் படகுக்கு இன்னும் எளிதில் கரைகிற மக்னீசியம் வேண்டும். அதே மக்னீசியத்தைக் கடலில் மாட்டினால் சீக்கிரமே கரைந்து காணாமல் போய்விடும். துருவே பிடிக்காதே என்று துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை அலுமினியத்தில் முடுக்கினால், போல்ட் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் பொரிந்துபோகும். அதனால் அப்படி முடுக்கும்போது மரையில் கிரீஸ் தடவுவார்கள்.

அளவு எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. பழைய இம்பெல்லரைக் கழற்றி வெர்னியர் அளவியால் அளந்தால் ஏமாந்துபோவோம். நாள்பட மடங்கியே இருந்ததால் இதழ்கள் வளைந்து நின்றுவிட்டிருக்கும், அளவு குறைவாகக் காட்டும். இதழ்களை எண்ணலாம், நடுத் துளையின் வடிவத்தையும் உயரத்தையும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட நம்பகமானது எஞ்சினைப் படகில் கவ்வும் பகுதியில் ஒட்டியிருக்கும் சின்னத் தகடு. அதில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். அந்த மாடலின் ஒவ்வொரு வாஷருக்கும்கூட நிறுவனம் ஓர் எண் கொடுத்திருக்கும். உப்பு அரித்து எழுத்து அழியும் முன்பே அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஸ்பார்க் பிளக்கில் எண்ணே ஒரு விடுகதை. என்.ஜி.கே. நிறுவனத்தின் பி7எச்எஸ் என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். 'பி' என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். 'எச்' என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் 7 வெப்ப எண். பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி படியும். 850 டிகிரியைத் தாண்டினால், பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நிற்க, எஞ்சினுக்குத் தக்கபடி வெப்பத்தைக் கடத்திவிடும் பிளக் வேண்டும். இந்த நிறுவனத்தில் எண் கூடினால் வெப்பத்தை வேகமாகக் கடத்தும் பிளக். பாஷ் நிறுவனத்தில் கணக்கு நேர் எதிர்! குமரி மாவட்ட வள்ளங்களில் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சின்கள் உண்டு. மண்ணெண்ணெய் அவ்வளவு சுத்தமாக எரியாது. அதனால் இந்த எஞ்சின்களின் பிளக்கை அடிக்கடி கழற்றிக் கரியைத் துடைக்க வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை இறுக்கிச் சுற்றுங்கள். மூன்றாவதில் பிளாஸ்டிக் உறை நீக்கிய செம்புக் கம்பி. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, ஆணிகளைத் தனித்தனியே போடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எந்த ஆணியில் துரு அதிகம் என்று பாருங்கள். செம்பு சுற்றிய ஆணி, சும்மா விட்ட ஆணியைவிட ஏன் மோசமாகிறது? இங்கே யார் யாருக்காகக் கரைகிறார்கள்? விடையை எங்களுக்கு எழுதுங்கள்.