மூட்டு வலி வந்தால் நடையை நிறுத்த வேண்டுமா? மூட்டுகளின் வகைகளும் அமைப்பும் சொல்லும் பதில்

புது டெல்லி: முழங்காலில் வலி தொடங்கியதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது நடையைக் குறைத்துக்கொள்வதுதான். இயந்திரத்தின் உதிரி பாகத்தைப் போல, மூட்டும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துவிடும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால், மூட்டின் உள்ளமைப்பு இதற்கு நேர்மாறான ஒன்றைக் கூறுகிறது. மூட்டைக் காக்கும் குருத்தெலும்பு தனக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெறுவதே அசைவின் மூலம்தான்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 52.8 கோடி பேர் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால். அதற்கான காரணத்தை அறிய, மூட்டுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மூட்டு என்றால் என்ன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடமே மூட்டு. வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. இவற்றுள் நாக்கின் அடியில் உள்ள நாவடி எலும்பு மட்டுமே வேறு எந்த எலும்புடனும் மூட்டாக இணையாமல், தசைகளாலும் நார்களாலும் தாங்கப்பட்டு நிற்கிறது.

எல்லா மூட்டுகளும் அசைவதற்காக அமைந்தவை அல்ல. எலும்புகளை இணைக்கும் பொருள் எது என்பதன் அடிப்படையில் அவை மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன: நாரிணைப்பு மூட்டுகள், குருத்தெலும்பு மூட்டுகள், திரவ மூட்டுகள். இந்த வரிசையில் செல்லச் செல்ல அசைவு கூடுகிறது. அதற்கு விலையாக உறுதி குறைகிறது.

அசையா மூட்டுகள்

நாரிணைப்பு மூட்டுகளில் எலும்புகளை அடர்த்தியான நார்த்திசு இறுகப் பிணைத்திருக்கும். மண்டையோட்டு எலும்புகளின் விளிம்புகள் ரம்பத்தின் பற்களைப் போல ஒன்றோடொன்று கோத்து நிற்பது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூளையைக் காப்பதே இங்கு முதன்மையான பணி என்பதால் அசைவுக்கு இடமில்லை.

எனினும், பிறக்கும்போது இந்த மூட்டுகள் முழுமையாக இறுகியிருப்பதில்லை. பிரசவத்தின்போது குழந்தையின் தலை குறுகிய பாதையைக் கடக்க, மண்டையோட்டு எலும்புகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து இடம் கொடுக்கின்றன. கைக்குழந்தையின் தலையில் மென்மையாகத் துடிக்கும் உச்சிக்குழி, எலும்புகள் இன்னும் சேராத இடம். முன்புற உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும்.

தாடையில் பல் பதிந்துள்ள இடமும் நாரிணைப்பு மூட்டு வகையையே சேர்ந்தது.

சிறிதளவு அசையும் மூட்டுகள்

குருத்தெலும்பு மூட்டுகளில் எலும்புகளுக்கு இடையே குருத்தெலும்பு அமைந்திருக்கும். முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள 23 வட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு வட்டும் சிறிதளவே வளையும். ஆனால் அவை அனைத்தும் சேரும்போது, முதுகு முழுவதுமாகக் குனியவும் திரும்பவும் முடிகிறது.

இந்த வட்டுகளின் நடுப்பகுதி நீர் நிறைந்தது. பகல் முழுவதும் உடல் எடையைத் தாங்குவதால் அதிலிருந்து நீர் சிறிது வெளியேறும். இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் உறிஞ்சப்படும். காலையில் நமது உயரம் மாலையைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இடுப்பின் முன்புறத்தில் இரு எலும்புகள் சேரும் மூட்டும் இத்தகையதே. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் இது சற்றுத் தளர்ந்து, பிரசவத்துக்கு உடலைத் தயார்படுத்துகிறது.

தாராளமாக அசையும் திரவ மூட்டுகள்

கை, கால்களில் உள்ள பெரும்பாலான மூட்டுகள் திரவ மூட்டுகள் ஆகும். மற்ற இரு வகைகளில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு. அது எலும்புகளுக்கு இடையேயான மெல்லிய இடைவெளி.

எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். மூட்டு முழுவதையும் உறுதியான நார்ப்பை ஒன்று சூழ்ந்திருக்கும். அந்தப் பையின் உட்புறச் சவ்வு, முட்டையின் வெண்கருவைப் போன்ற பிசுபிசுப்பான உயவுத் திரவத்தைச் சுரக்கிறது. ஆரோக்கியமான முழங்காலில் இத்திரவம் சில மில்லி லிட்டர் மட்டுமே இருக்கும். எலும்பை எலும்புடன் கட்டுவது தசைநார். தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண்.

திரவ மூட்டுகள் அவற்றின் வடிவத்தைப் பொறுத்து ஆறு வகைப்படும்:

• பந்து கிண்ண மூட்டு: தோள், இடுப்பு. எல்லாத் திசைகளிலும் சுழலும்.

• கீல் மூட்டு: முழங்கை, விரல் கணுக்கள். கதவைப் போல ஒரே தளத்தில் மடங்கி நிமிரும்.

• முளை அச்சு மூட்டு: கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ளது. 'இல்லை' என்று தலையை அசைக்க உதவுவது இதுவே. கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த ஓர் இணைப்பிலேயே நிகழ்கிறது.

• சேண மூட்டு: கட்டைவிரலின் அடிப்பகுதியில் உள்ளது. கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொட இதுவே வழி செய்கிறது. பேனா பிடிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் இதனால்தான் இயல்கிறது.

• நீள்வட்ட மூட்டு: மணிக்கட்டு. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும்.

• நழுவு மூட்டு: மணிக்கட்டிலும் பாதத்திலும் உள்ள சிறிய எலும்புகளுக்கு இடையில் உள்ளது. தட்டையான பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்லும்.

தோளும் இடுப்பும்: ஒரே வகை, வெவ்வேறு விதி

தோளும் இடுப்பும் பந்து கிண்ண மூட்டுகளே. ஆனால், இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் பொதிந்துள்ளது. தோளின் குழியோ மிகவும் ஆழமற்றது. சிறு தட்டின்மீது பெரிய பந்தை நிறுத்தியது போன்ற அமைப்பு. அந்தப் பந்தை இடத்தில் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு, அதைச் சூழ்ந்துள்ள நான்கு தசைகளுக்கும் அவற்றின் தசைநாண்களுக்கும் உரியது.

இதனால், உடலிலேயே மிகுதியாக அசையும் பெரிய மூட்டாகத் தோள் விளங்குகிறது. மிகுதியாக இடம் விலகுவதும் அதுவே. உடல் எடையைச் சுமக்க வேண்டிய இடுப்பு அவ்வளவு எளிதில் விலகாது. விபத்து போன்ற பலமான மோதலே பெரும்பாலும் அதை இடம்பெயரச் செய்யும்.

முழங்கால்: வெறும் கீல் அல்ல

முழங்கால் பொதுவாகக் கீல் மூட்டு எனக் கூறப்பட்டாலும், அது மடங்கும்போது எலும்புகள் உருண்டும் வழுக்கியும் சற்றே சுழன்றும் நகர்கின்றன. தொடை எலும்பின் உருண்ட முனைகள், கீழ்க்கால் எலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பில் அமர்ந்துள்ளன. எலும்புகளின் வடிவத்தால் இங்கு அதிக உறுதி கிடைப்பதில்லை. முன்னும் பின்னும் குறுக்காகச் செல்லும் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என நான்கு முக்கியத் தசைநார்களும் தொடைத் தசைகளுமே அதனை நிலைநிறுத்துகின்றன.

எலும்புகளுக்கு இடையே, மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவத் தட்டுகள் இரண்டு அதிர்வைத் தாங்குகின்றன. பேச்சு வழக்கில் இத்தட்டையும் தசைநாரையும் குருத்தெலும்பையும் 'ஜவ்வு' என்றே குறிப்பிடுகிறோம். ஆனால் மூன்றும் வேறு, சிகிச்சையும் வேறு. விளையாட்டின்போது திடீரெனக் கால் திருகிக் கிழிவது பெரும்பாலும் தசைநார் அல்லது மெனிஸ்கஸ். பல ஆண்டுகளாக மெல்லத் தேய்வது குருத்தெலும்பு. 'ஜவ்வு பாதிப்பு' என்று கூறப்பட்டால், எது பாதிக்கப்பட்டுள்ளது என்று மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

சமதரையில் நடக்கும்போதே முழங்காலின்மீது உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை செயல்படுகிறது. படியேறி இறங்கும்போது அது மேலும் கூடும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், முழங்காலுக்குக் குறையும் சுமை ஒரு கிலோவைவிடப் பல மடங்கு என்பதே இதன் பொருள்.

ரத்தக் குழாய் இல்லாத திசு

மூட்டுக் குருத்தெலும்பு பெரும்பாலான இடங்களில் சில மில்லி மீட்டர் தடிமனே உடையது. அதன் எடையில் பெரும்பகுதி நீர். அதில் ரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. மூட்டு நோய்கள் பலவற்றை விளக்கும் உண்மை இதுதான்.

ரத்தக் குழாய் இல்லாததால், அங்குள்ள செல்களுக்கு உயவுத் திரவத்தின் வழியாகவே ஊட்டம் கிடைக்கிறது. நீரில் நனைத்த பஞ்சைப் போல, சுமை விழும்போது குருத்தெலும்பு அழுந்தித் திரவத்தை வெளியேற்றுகிறது. சுமை நீங்கும்போது மீண்டும் உறிஞ்சுகிறது. நடக்கும் ஒவ்வோர் அடியும் இந்தச் சுழற்சியை நிகழ்த்துகிறது. நீண்ட காலம் அசைவின்றி இருக்கும் மூட்டில் குருத்தெலும்பு மெலிவதற்குக் காரணம் இதுவே.

ரத்த ஓட்டம் இல்லாததன் மற்றொரு விளைவு, சேதமடைந்த குருத்தெலும்பு தன்னைத்தானே செம்மையாகச் சரிசெய்துகொள்ள இயலாமை. 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர், அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என லண்டன் ராயல் சொசைட்டியில் பதிவு செய்தார்.

நரம்புகள் இல்லாததால், தேய்மானத்தின் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. அடியிலுள்ள எலும்பு, மூட்டுச் சவ்வு, சுற்றியுள்ள திசுக்கள் ஆகியவை பாதிக்கப்படும்போதே வலி உணரப்படுகிறது. அதற்குள் தேய்மானம் ஓரளவு முன்னேறியிருக்கக்கூடும்.

ஓய்வா, நடையா?

வலியால் நடையை நிறுத்துபவருக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. குருத்தெலும்புக்கு ஊட்டம் குறைகிறது. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின் மீதான சுமை கூடி வலி அதிகரிக்கும். வலி கூடினால் நடை மேலும் குறையும்.

இதனாலேயே, அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும், உடல் எடை மிகுந்தவர்களுக்கு எடைக் குறைப்பையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. குருத்தெலும்பை வளர்க்கும் எனப் பரவலாக விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி செலுத்த வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் வலுவாகக் கூறுகிறது.

அசைவு என்பது வலியைப் பொருட்படுத்தாமல் ஓடுவது அல்ல. சமதரையில் நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல், நீந்துதல், நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டி மடக்குதல் போன்றவை மூட்டுக்கு அதிகச் சுமை தராதவை. பயிற்சிக்குப் பின் வலி மறுநாளும் நீடித்தால் அளவைக் குறைக்கலாம். காயம், திடீர் வீக்கம் ஆகியவற்றுக்குக் குறுகிய கால ஓய்வு தேவைப்படும்.

சொடக்கு எடுப்பது கெடுதலா?

விரலில் சொடக்கு எடுக்கும்போது எழும் ஒலி எலும்புகள் உரசுவதால் வருவது அல்ல. மூட்டு இழுபடும்போது உட்புற அழுத்தம் திடீரெனக் குறைந்து, உயவுத் திரவத்தில் வாயுக் குமிழி தோன்றுவதுடன் அது தொடர்புடையது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் உங்கர், 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கையின் விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்து வந்தார். இரு கைகளிலும் மூட்டு அழற்சி ஏற்படவில்லை. ஒருவரின் அனுபவம் முழுமையான சான்றாகாது என்றாலும், வலியில்லாத சொடக்கு குறித்து அஞ்சத் தேவையில்லை என்பதே மருத்துவர்களின் பொதுவான கருத்து.

எல்லா வலியும் தேய்மானம் அல்ல

• முடக்கு வாதம்: உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுச் சவ்வைத் தாக்குவதால் வருவது. இரு கைகளின் சிறிய மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விறைப்பு நீடிக்கலாம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்க முடியும்.

• கவுட்: யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் ஏற்படுவது. கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து கடுமையாக வலிப்பது இதன் வழக்கமான அடையாளம்.

• சிக்குன்குனியா: காய்ச்சல் தணிந்த பின்னும் மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரலாம்.

• மூட்டில் கிருமித் தொற்று: காய்ச்சலுடன் ஒரு மூட்டு வீங்கிச் சூடாகி, அசைக்கவே முடியாமல் போனால் அது அவசர நிலை. சில நாள்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செயற்கை மூட்டு: கடைசிப் படி

தேய்மானம் முற்றி, பயிற்சியும் மருந்தும் பலனளிக்காதபோது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-இல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் கொண்டு உருவாக்கிய இடுப்பு மூட்டே நவீன சிகிச்சைக்கு அடித்தளமிட்டது. முழங்கால் மாற்று சிகிச்சை பின்னர் வளர்ந்தது. முழுமையான செயற்கை முழங்கால்களில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் வரை நீடிப்பதாக, 2019-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால்களுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகையின் விலை, சராசரியாக 1,58,324 ரூபாயிலிருந்து ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. மருத்துவமனை மற்றும் அறுவை சிகிச்சைக் கட்டணங்கள் இதில் அடங்கா.

அறுவைக்குப் பின் வலி நீங்கினாலும், சம்மணமிட்டு அமர்வதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் தவிர்க்குமாறு பலருக்கும் அறிவுறுத்தப்படுகிறது. தரையில் அமர்ந்து உண்பதும் வழிபடுவதும் வழக்கமாக உள்ள வீடுகளில் இது சிறிய மாற்றம் அல்ல. முழங்கால் வலி தொடங்கும் காலத்திலேயே எடையைக் கட்டுக்குள் வைத்து, தொடைத் தசையை வலுப்படுத்தி, நடையைத் தொடர்ந்தால் அந்த நிலையைப் பலரால் தள்ளிப்போட முடியும். சிலரால் தவிர்க்கவும் முடியும்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. தொடர்ந்து மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரை அணுகவும்.)