டைபர்ன் தூக்குமரம், லண்டன் (1571–1783)

இங்கே நின்ற முக்கோணத் தூக்குமரத்தில் ஒரே நேரத்தில் 24 பேரைத் தூக்கிலிட முடியும். கொலைகாரர்கள் மட்டுமல்ல, ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஜேப்படி செய்தவர்களுக்கும் சட்டம் மரணமே விதித்தது. ஊரறியத் தூக்கிலிட்டால் திருட்டு குறையும் என்று வாதிட்டார்கள். ஆனால் வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்திலேயே ஜேப்படி நடந்தது. அற்பத் திருட்டுக்கு உயிரைப் பறிக்க மனம் ஒப்பாத ஜூரிகள், களவுபோன பொருளின் மதிப்பை வேண்டுமென்றே குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் கடுமையானதாலேயே தண்டனை நிச்சயமற்றதாயிற்று.

அந்தக் காலத்து நியாயத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று சிலர் கேட்கலாம். அன்றே எதிர்ப்பு இருந்தது: நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் 1808இல் ஜேப்படிக்கு மரண தண்டனை நீங்கியது. லண்டனுக்கு முறையான காவல்துறை 1829இல்தான் வந்தது. பிடிபடுவோம் என்ற அச்சம் இல்லாத இடத்தில் தூக்குக்கயிறு கொடுமையை மட்டுமே வளர்த்தது.