நேற்று என்ன பார்த்தாய்?

திங்கட்கிழமை முதல் பாடவேளை எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு கேள்வியோடு தொடங்கும். “சனி, ஞாயிறுல என்ன பார்த்தீங்க?” வருகைப் பதிவு முடிந்தவுடன் பத்து நிமிடம் அதற்குத்தான். தொடர், திரைப்படம், கிரிக்கெட், கார்ட்டூன், கைப்பேசியில் ஓடிய துண்டு வீடியோ, எதைப் பற்றியும் பேசலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. “சூப்பரா இருந்துச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. அதைப் பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி, என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர் என்ற முறையில் கோவையாகப் பேசும் பயிற்சிக்காகத்தான் இதைத் தொடங்கினேன். சில வாரங்களில் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு முழுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த மாணவி, யார் யாருக்கு என்ன உறவு என்பதில் தொடங்கி, மழையில் நனைந்த குடை வரைக்கும் சொல்வாள். கைப்பேசியில் இரண்டு மணி நேரம் பார்த்ததாகச் சொல்லும் மாணவனோ எழுந்து நின்று யோசிப்பான். “நிறைய பார்த்தேன் டீச்சர்… ஞாபகம் வரல” என்பான். இருவரும் படிப்பில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பவர்கள். எனவே இது அறிவு சார்ந்த வேறுபாடு அன்று. அவர்கள் பார்த்த பொருளின் வடிவம்தான் வேறு.

ஒரு நிமிடத் துண்டு வீடியோவில் முன்கதை இருக்காது, பின்கதையும் இருக்காது. சண்டையின் உச்சம் மட்டும் இருக்கும், யார் யாரை ஏன் அடிக்கிறார் என்பது இருக்காது. அது முடியுமுன் விரல் அடுத்ததைத் தள்ளிவிடும். நாம் எதில் அதிக நேரம் நிற்கிறோம் என்பதைக் கணக்கில் கொண்டு அதே வகையை அந்தச் செயலி மீண்டும் மீண்டும் கொண்டுவந்து தரும். சிரிப்பு வரும், திகைப்பு வரும், ஆனால் சொல்வதற்குக் கதை சேராது. இன்னொரு வகையும் இருக்கிறது. இரண்டு மணி நேரக் கொரியப் படத்தைப் பத்து நிமிடத்தில் ஒருவர் தமிழில் விறுவிறுவென்று சொல்லி முடிக்கும் வீடியோக்கள். எங்கள் பையன்கள் அதைக் கேட்டுவிட்டு “அந்தப் படம் பார்த்துட்டேன்” என்பார்கள். பிள்ளை செய்ய வேண்டிய வேலையை, அதாவது பார்த்ததைத் தன் சொற்களில் கோத்துச் சொல்வதை, முன்பின் தெரியாத ஒருவர் செய்து முடித்துவிடுகிறார்.

பார்ப்பதும் சொல்வதும் இப்படிப் பிரிந்திருந்த காலம் எனக்குத் தெரிந்து இல்லை. நான் எண்பதுகளின் கிராமத்துப் பிள்ளை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்றாலும், எங்கள் ஊருக்குப் பெட்டி வந்து சேர்ந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். பஞ்சாயத்து அறையில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை தமிழ்ப் படம், இடையில் ‘வயலும் வாழ்வும்’. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் வரும். அது வங்காளமாக இருக்கும், அல்லது மலையாளமாக இருக்கும். கீழே ஆங்கில எழுத்து ஓடும். இரண்டுமே எங்களுக்குப் புரியாது. முகங்களைப் பார்த்தே கதையை ஊகிப்போம், அவரவர் ஊகத்துக்காகச் சண்டையும் போடுவோம். மாலைப் படத்தின் நடுவில் மின்சாரம் போய்விட்டால், பக்கத்து ஊரில் பார்த்தவர் யார் என்று விசாரித்து மறுநாள் முடிவைத் தெரிந்துகொள்வோம். அப்படிச் சொல்பவருக்கு அன்று தனி மரியாதை. ஒரு படத்தைப் பற்றிப் பேசி முடித்தால்தான் அதைப் பார்த்து முடித்ததாகக் கணக்கு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பொம்மை தெரியாமல் ‘மழை’ பெய்யும் திரையை அரை மணி நேரம் வெறித்துப் பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். இன்றைய பிள்ளைக்கு ஈரானியப் படமும் ஜப்பானியக் கார்ட்டூனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனித் திரையில் தனித்தனியே பார்ப்பதால், பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளாக ஒரு வகுப்பறை இருக்கலாம் என்பதுதான் என் திங்கட்கிழமைப் பாடவேளையின் நோக்கம்.

மாணவர்களை ஒரு வாரம் பார்வைக் குறிப்பேடு எழுதச் சொன்னபோது நானும் எழுதினேன். என் பட்டியலில் முதலிடம் நான் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு. மாலை ஏழு மணிக்கு மேல் என் மாமியார் கூடத்தில் தொடர் பார்ப்பார், நான் அடுக்களையில் இருப்பேன். தோசை வார்த்தபடியே கதை முழுவதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று கவனித்தேன். தொடரில் யாரும் வெறுமனே ‘அவன்’ என்று சொல்வதில்லை. ‘உன் அக்கா புருஷன், நம்ம வீட்டை அடமானம் வச்ச அந்த ஆள்’ என்று முழு வரலாற்றோடு சொல்கிறார்கள். நேற்று பார்க்காதவருக்கும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பவருக்கும் சேர்த்தே வசனம் எழுதப்படுகிறது. அதிர்ச்சியான செய்தி வந்தால் பின்னணி இசை மூன்று முறை இடிக்கும், கூடத்துக்கு ஓடிவரச் சொல்லும் அழைப்பு மணி மாதிரி. திங்கள் முதல் சனி வரை தினமும் அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வாரந்தோறும் வருகிறது, விளம்பர வருமானம் அதைப் பொறுத்தது. எனவே வார இறுதியில் ஒரு முடிச்சு கட்டாயம் விழும்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். ‘ஒரு வசனத்துக்கு எத்தனை முகம் காட்டுகிறார்கள் என்று எண்ணி வாருங்கள்’ என்றேன். மறுநாள் ஒரு மாணவி, “ஒன்பது முகம் டீச்சர், அதுல ஒருத்தர் வேலைக்காரம்மா, அவங்களுக்கு விஷயமே தெரியாது” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் தொடர் பார்ப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. பாட்டியோடு உட்கார்ந்து முகங்களை எண்ணுவதாகவும், பாட்டியும் இப்போது எண்ணுவதாகவும் சொன்னாள்.

தொடர் என்றாலே ஆசிரியர் அறையில் ஓர் ஏளனம் இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. 2002-இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யை ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த ஒரு தகப்பனின் கதையாக எங்கள் தெருவே பார்த்தது. 2020 ஊரடங்கில் அது மறுஒளிபரப்பானபோது என் மாமியாரோடு நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வீட்டுச் சண்டைகளில் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றிரண்டு இருந்தது. பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பதை நாம் இளக்காரமாகப் பேசினால், அடுத்த திங்கட்கிழமை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அல்லது நாம் எதிர்பார்க்கும் விடையாக “செய்திகள் பார்த்தேன் டீச்சர்” என்று பொய் சொல்வார்கள்.

என் சொந்த ரசனையையும் சொல்லிவிடுகிறேன். பேய்ப் படம் எனக்கு ஆகாது. அரிவாள் தூக்கும் படங்களில் பாதியில் எழுந்துவிடுவேன். நீதிமன்றக் காட்சி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன், வாதம் செய்யும் தமிழ் எனக்குப் பிடிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காதது, 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. கதை சொல்லுதல் பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியில் பேய் இல்லை, இருட்டு மாளிகை இல்லை. இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். ஒலிகளைக்கூட நாகேஷ் தன் வாயாலேயே எழுப்புகிறார். முதல் முறை போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் நாகேஷைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாம் முறை, ‘பாலையாவை மட்டும் பாருங்கள்’ என்பேன். அவர் பேசுவது கொஞ்சம்தான். பயம் முழுவதும் அவர் முகத்தில்தான் இருக்கிறது, நம் சிரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது. மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிடுவேன். இந்த மூன்று சுற்றுக்கும் ஒரு பாடவேளை போதும். அதன் பிறகு ‘கேட்பவர் இல்லாமல் கதை இல்லை’ என்பதை நான் விளக்க வேண்டியிருக்காது.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் சிறார் திரைப்படங்களைத் திரையிடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சுக்கு இன்னொரு வாசல் திறந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்ப்பது, எங்கள் பஞ்சாயத்து அறை மாதிரி. மஜித் மஜிதி 1997-இல் எடுத்த ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மொழி பாரசீகம். முதல் பத்து நிமிடம் நான் வசனங்களைத் தமிழில் சொன்னேன். தங்கையின் காலணியை அண்ணன் தொலைத்துவிட்டான், அப்பாவிடம் வாங்கித் தரக் காசு இல்லை, எனவே அண்ணனின் காலணியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். இவ்வளவு தெரிந்ததும், “டீச்சர், நீங்க சொல்ல வேணாம், புரியுது” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி. அதற்காகவே ஓடும் பையன் முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். படம் முடிந்ததும் நான் எதையும் கேட்கவில்லை, அவர்களே தொடங்கிவிட்டார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போய் வந்த எங்கள் மாணவன் ஒருவன், “ஜெயிச்சவன் அழுதா எல்லாரும் சந்தோஷத்துலன்னுதான் நெனப்பாங்க” என்றான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொருத்தி, அப்பாவின் மிதிவண்டியில் புதுக் காலணிகள் இருந்ததைக் கண்டுபிடித்தாள். சில நொடிகள் மட்டுமே வரும் அந்தக் காட்சியை வகுப்பில் பாதிப் பேர் கவனிக்கவில்லை. இருந்தது, இல்லை என்று வாக்குவாதம் முற்றி, மறுபடியும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

பேசவே பேசாத ஒரு மாணவன் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவன் வீட்டில் தொலைக்காட்சி பழுதாகிக் கிடக்கிறது, கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பல வாரங்கள் “ஒண்ணும் பார்க்கல” என்றே சொன்னான். ஒரு நாள், டீக்கடை வாசலில் நின்று ஒரு படம் பார்த்ததாகச் சொன்னான். லாரிச் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனாலும் கதை சொன்னான். அண்ணன் தம்பி இருவருக்கும் நிலத்தகராறு, அம்மா நடுவில் நிற்கிறார் என்று பதினைந்து நிமிடம் சொன்னான். அந்தப் படத்தைப் பார்த்திருந்த பிள்ளைகள், அவர்கள் அண்ணன் தம்பியே இல்லை, நண்பர்கள் என்று திருத்தினார்கள். ஒருத்தி மட்டும், “இவன் சொன்ன கதைதான் நல்லா இருக்கு டீச்சர்” என்றாள். அதன் பிறகு ‘ஒலியில்லாக் கதை’ என்று மாதம் ஒரு முறை வகுப்பில் வைத்திருக்கிறோம். பத்து நிமிடக் காட்சியை ஒலி இல்லாமல் காட்டுவேன், பிள்ளைகள் கதை சொல்வார்கள். பெரும்பாலும் தொடங்கிவைப்பவன் அவன்தான்.

செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓரிரு நடைமுறைச் செய்திகள். ‘இந்தப் படம் உணர்த்தும் நீதி என்ன?’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘எந்த இடத்தில் உனக்குத் திக்கென்றது?’, ‘அப்போது யாருடைய முகத்தைக் காட்டினார்கள்?’ என்று கேட்டால் நிற்காது. வயதுக்கு ஒவ்வாத படத்தைப் பார்த்ததாகப் பிள்ளைகள் சில சமயம் சொல்வார்கள். எல்லோர் முன்னாலும் கண்டிக்க வேண்டாம். தனியாகப் பேசலாம், பெற்றோர் கூட்டத்தில் தணிக்கைச் சான்றிதழைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். யு, ஏ என்பதோடு, இடைப்பட்ட யு/ஏ பிரிவை 2024 முதல் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இது பல பெற்றோருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இந்த மாதம் ஆறாம் வகுப்புக்கு, அல்பெர் லாமொரீஸ் 1956-இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’ படத்தைக் காட்டப் போகிறோம். அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல், வசனம் கிட்டத்தட்ட இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிவைக்கலாமா என்று எட்டாம் வகுப்பினரிடம் கேட்டேன். வேண்டாம், படம் முடிந்ததும் அவர்கள் சொல்வதைக் கேட்கத் தாங்களே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.