குழந்தையை முத்தமிடும் முன் உதட்டைக் கவனியுங்கள்... கர்ப்பிணிகள் அறிய வேண்டிய ஹெர்பிஸ்!

உதட்டோரம் நீர்க்கொப்புளம் வந்தால், 'உடம்பு சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுவோம். அதுவே பிறப்புறுப்பில் வந்தால், வெட்கப்பட்டு மறைப்போம். கர்ப்பிணிகள் இந்த இரண்டையுமே செய்யக் கூடாது. காரணம், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்.

அக்கி வேறு, இது வேறு!

நாம் பொதுவாக அக்கி என்று சொல்வது, சின்னம்மை வைரஸால் வருவது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றியும், இரண்டாம் வகை பிறப்புறுப்பிலும் வரும். ஒருமுறை உடலில் நுழைந்தால், நரம்புகளில் தங்கிவிடும். பலருக்கு அறிகுறியே தெரியாது. தொற்றிப் பல வருடங்கள் கழித்தும் முதல் கொப்புளம் வரலாம். எனவே, கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டாம்.

எப்போது ஆபத்து?

ஏற்கெனவே தொற்று உள்ள தாயின் நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் சென்று பாதுகாக்கும். அதனால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்றினால் அந்த வாய்ப்பு 30 முதல் 50 சதவிகிதம் வரை உயரும். கணவருக்குக் கொப்புளம் இருந்தால் தாம்பத்யத்தையும், உதட்டில் இருந்தால் வாய்வழி உறவையும் தவிர்க்க வேண்டும்.

டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்

முன்பு எப்போதாவது வந்திருந்தாலும் மறைக்காதீர்கள். பொதுவாக 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளை டாக்டர் பரிந்துரைப்பார். பிரசவ வலி வரும்போது கொப்புளமோ, எரிச்சலோ இருந்தால் சிசேரியன்தான் பாதுகாப்பு. இல்லையென்றால், பழைய தொற்று உள்ளவர்களுக்கும் சுகப்பிரசவம் சாத்தியமே.

பிறந்த பிறகு...

குழந்தை பார்க்க வரும் உறவினர்களுக்கு உதட்டில் கொப்புளம் இருந்தால், முத்தமிட அனுமதிக்காதீர்கள். 'கோபித்துக்கொள்வார்களே' என்று தயங்காதீர்கள். தாய்க்கே இருந்தாலும் கையை நன்றாகக் கழுவி, மாஸ்க் அணிந்து பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருந்தால் மட்டும், அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, சோர்ந்து கிடப்பது, வலிப்பு, தோலில் கொப்புளம் என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வைரஸ் மூளையைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. 14 முதல் 21 நாள்கள் வரை நரம்பு வழியே மருந்து செலுத்த வேண்டியிருக்கும். அதை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ, அவ்வளவு நல்லது.

இது ஒரு வைரஸ் தொற்று மட்டுமே. வெட்கப்பட எதுவுமில்லை. அடுத்த செக்கப்பிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள் தோழிகளே!