குற்றம் நீங்கிய யாழ்



சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்பவற்றிற் குற்றம் நீங்கிய யாழை மாதவி தொழுது வாங்கினாள் என்று பொருள் கூறி, அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அண்மையில் பழைய மண்டலின் ஒன்றை வாங்கிய பின்னரே அந்த அடியில் நின்று யோசித்தேன்.

மண்டலினுக்கு நான்கு சோடித் தந்திகள். வயலினைப் போலவே சுருதி சேர்ப்பது. வெறுந்தந்திகள் சரியாகவே ஒலித்தன. 12ஆம் மெட்டில் விரலை வைத்தாலோ மேற்சட்சம் சற்றுக் கூடி ஒலித்தது. என் செவியைச் சந்தேகித்தேன். விற்றவரையும் மனதுக்குள் திட்டினேன்.

குற்றம் தந்திகளைத் தாங்கும் குதிரையில் இருந்தது. மண்டலினின் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்தி வைக்கிறது. தலைப்பக்கத்துத் தந்திப் படியிலிருந்து 12ஆம் மெட்டுவரை உள்ள தூரமே, அம்மெட்டிலிருந்து குதிரைவரையும் ஏறத்தாழ இருத்தல் வேண்டும். என்னுடையதிலோ குதிரை முன்னே நகர்ந்திருந்தது. தந்திகளைத் தளர்த்திச் சிறிது பின்தள்ளினேன். சுரம் இசைந்தது.

பண்ணல், பரிவட்டணை என்று எட்டுக் கலைத்தொழில்களையும் மாணவரை மனனம் செய்யச் சொல்லி வந்தவன் நான். இம்முறை அப்பாடத்துக்கு மண்டலினையும் எடுத்துச் சென்றேன்.