முதுகுச் சுமையின் கணக்கு

மலைப்பாதைகளில் நாள்கணக்கில் நடக்கிறவரின் முதுகுப் பை, உணவும் தண்ணீரும் சேர்த்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. இதில் உணவும் தண்ணீரும் அடுப்பு எரிபொருளும் நடக்க நடக்கக் குறையும். குறையாமல் கடைசிவரை கூடவே வரும் பொருள்களின் கனமே அடிப்படை எடை. கூடாரம், உறக்கப் பை, முதுகுப் பை ஆகிய மூன்றும்தான் அதில் பெரும்பகுதி. சின்னச் சின்னப் பொருள்களைக் கழிப்பதைவிட இந்த மூன்றையும் இலகுவாகத் தேர்ந்தெடுப்பதே பலன் தரும். அடிப்படை எடை சுமார் 4.5 கிலோவுக்குள் அடங்கினால் அது மிக இலகுவான பை. தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. லிட்டருக்கு ஒரு கிலோ கனத்தாலும், அடுத்த நீர்நிலை வரைக்கும் போதுமான அளவு பையில் இருந்தாக வேண்டும்.

மிகக் குறைந்த சுமையோடும் நெடுந்தூரம் நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை இன்று சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். 1955இல், 67 வயதான எம்மா கேட்வுட் அதை ஒரே பருவத்தில் தன்னந்தனியாக நடந்து முடித்தார். அப்படி முடித்த முதல் பெண் அவர்தான். தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கூடாரமும் இல்லை, உறக்கப் பையும் இல்லை. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் சாதாரண கான்வாஸ் காலணி. அசாத்தியமான மன உறுதி! 1957இல் அதே பாதையை அவர் மறுபடியும் முழுமையாக நடந்தார்.