தேயிலைப் பெட்டியிலுள்ள முத்திரைகள் என்ன சொல்லுகின்றன?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை பார்க்கும் நமது பிள்ளைகள் பெருநாளைக்கு ஊருக்கு வந்தால், "தேயிலைப் பெட்டியில தவளைப் படம் போட்டிருக்கே, அது எதுக்கு?" என்று கேட்பதுண்டு. தோட்டத்திலும் "ஓடிட் வருது" என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. நமது கை பறித்த கொழுந்தின் மேல் ஒட்டப்படும் முத்திரை எதைக் குறிக்கிறது என்று நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில்தான் இன்றும் நமது தேயிலையின் பெரும்பகுதி விலை போகிறது. வெளிநாட்டில் தேத்தண்ணி குடிப்பவர் நமது மலையையோ லயத்தையோ பார்த்ததில்லை. அவருக்காக வேறொருவர் வந்து பார்த்து, "இன்ன இன்ன ஒழுங்காக நடக்கிறது" என்று கொடுக்கும் சாட்சிதான் முத்திரை. ஒவ்வொரு முத்திரையும் ஒவ்வொரு விஷயத்துக்குத்தான் சாட்சி சொல்லும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லாது.

சிங்க முத்திரை

இது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது, தரம் பார்க்கப்பட்டது என்பதே இதன் அர்த்தம். சம்பளம், லயம் பற்றி இது ஒன்றும் பேசாது.

ஓசோன் முத்திரை

முன்பு நாற்று மேடை மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்ல மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயுவைப் பாவித்தார்கள். அது வெயிலின் கொடிய கதிரைத் தடுக்கும் ஓசோன் படையைக் கெடுக்கும். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்கு அமைய இலங்கைத் தேயிலைத் துறை அதைக் கைவிட்டது. அதைக் காட்டவே 2011இல் இந்த முத்திரை வந்தது.

ஒர்கானிக்

செயற்கை உரமும் இரசாயன மருந்தும் போடாமல் வளர்த்த தேயிலை இது. ஐரோப்பிய விதிப்படி தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருஷம் அப்படி நடத்திய பிறகுதான் முத்திரை கிடைக்கும். 2021இல் அரசாங்கம் திடீரென்று இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது மலையில் கொழுந்து குறைந்தது நமக்கு மறக்காது. அந்த வருஷக் கடைசியிலேயே தடையை நீக்கினார்கள். உரம் கிடைக்காமல் வளர்ந்த தேயிலை ஒர்கானிக் ஆகிவிடாது. அதற்குத் திட்டமும் தயாரிப்பும் காலமும் வேண்டும்.

தவளை முத்திரை

இது ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்புடையது. 2018இல் உட்ஸ் என்ற அமைப்பும் இதோடு சேர்ந்துகொண்டது. "நிலைபேறான" என்ற சொல்லை இதில் அதிகம் காண்போம். இன்றைக்குப் பலன் எடுத்தாலும் நாளைக்குப் பிள்ளைகளுக்கு மண்ணும் தண்ணீரும் மிஞ்ச வேண்டும் என்பதே அதன் பொருள். ஓடைக்கரையில் மருந்து அடிக்கக்கூடாது. அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடுப்பு கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் மருந்தைத் தொடவே கூடாது.

இது வெளிநாட்டானுக்கான கதை மட்டுமல்ல. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அம்பத்தலையில் அந்த ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்தப்படுத்தித்தான் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். மேலே ஓடையில் மருந்து கான் கழுவினால், கீழே கொழும்பில் இருக்கும் நம் பிள்ளை குடிக்கும் தண்ணீரின் மூலத்தையே கெடுக்கிறோம்.

ஃபெயார்ட்ரேட்

நியாய வர்த்தகம் என்று சொல்லலாம். இந்த முறையில் விற்கும் தேயிலைக்கு, விலைக்கு மேலாக ஒரு தனிப் பணமும் வரும். அதை எதற்குச் செலவழிப்பது என்று தொழிலாளர் தெரிவு செய்த பிரதிநிதிகள் உள்ள குழு, தொழிலாளர் கூட்டத்தின் சம்மதத்தோடு தீர்மானிக்க வேண்டும். தோட்ட நிர்வாகச் செலவுக்கு அதை எடுக்க முடியாது. ஆனால் முத்திரை இருந்தும், அந்த முறையில் விற்பனையான அளவுக்குத்தான் இந்தப் பணம் கிடைக்கும். மிச்சத் தேயிலைக்குக் கிடையாது. ஆகவே "போன வருஷம் எத்தனை கிலோ அப்படி விற்றது, எவ்வளவு பணம் வந்தது?" என்று கூட்டத்தில் கேட்பது பிழையில்லை, அது நமது உரிமை.

வெறும் சொற்கள்

"இயற்கையானது", "சூழலுக்கு நல்லது" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது மட்டும் முத்திரை ஆகாது. சோதித்தவர் யார், அத்தாட்சி எங்கே என்று பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சோதிக்க வருபவர் தொழிலாளரோடு துரைமாரோ கங்காணிமாரோ பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உடுப்பு கிடைத்தால் கிடைத்தது, இல்லையென்றால் இல்லை. கொழுந்து பறிப்பவர்களில் அநேகர் பெண்கள், ஆகவே தாய்மார் கட்டாயம் பேச வேண்டும். நாம் வாய் திறக்காமல் விட்டால், அந்தச் சாட்சியில் நமது பங்கு இருக்காது.

இன்னொன்றையும் ஞாபகத்தில் வையுங்கள். சம்பள நிர்ணய சபை விதித்த சம்பளம், சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டிய பணம், 84 நாள் பிரசவ லீவு எல்லாம் சட்டம் தந்தவை. முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நமக்குச் சேர வேண்டும். விளங்காத விஷயம் இருந்தால் தோட்டத் தலைவரிடமோ நலன்புரி அலுவலகத்திலோ தயங்காமல் கேளுங்கள்.